வேலிகாத்தான் நிழலில் புல் முளைக்காததேன்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில் நின்று நாற்புறமும் நோக்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவன மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களும், ஷிப்டு மாறும் வேளையில் தொழிலாளரை ஏற்றியிறக்கும் கம்பெனிப் பஸ்களும், கண்டெய்னர் லாரிகளின் முடிவில்லாத வரிசையுமே. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கிய காலம் முதல் சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து இந்தப் பிரதேசத்தின் முகத்தையே மாற்றிவிட்டன என்றாலும், அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இது ஏரிகளின் நாடாகவே விளங்கிவந்தது. செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊருக்கு ஊர் ஏரியும் மதகும் கலங்கலும் இன்றும் இருக்கின்றன. மதிலுக்கும் ஏரிக்கும் இடையே எஞ்சியுள்ள நிலத்தில், அதாவது கட்டடம் இன்னும் எழும்பாத மனைகளிலும், கரையின் சரிவுகளிலும், உழவு நின்றுபோன வயல்களிலும், மேய்ச்சல் புறம்போக்கிலும், ஏறக்குறைய ஒரே மரம்தான் ஆட்சி செலுத்துகிறது. அதுதான் சீமைக் கருவேலம். கிராமத்தார் வாயில் வேலிகாத்தான்.

அந்த மரத்தின் அடியில் சற்றுக் குனிந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். தலைக்கு மேலே இறகுபோன்ற சிற்றிலைகள் வெயிலைச் சலித்து அனுப்புகின்றனவே தவிர, ஆலமரத்தைப் போலவோ புளியமரத்தைப் போலவோ அடர்ந்த இருளை உண்டாக்குவதில்லை. தரையிலோ, உதிர்ந்த சிற்றிலைகள் பழுப்பு நிறப் பொடியாகப் படிந்திருக்க, அவற்றின் நடுவே மஞ்சள் நிறக் காய்கள் சிலவும் காய்ந்த முட்கள் சிலவும் கிடக்க, மற்றபடி மண் வெறுமையாக இருக்கும். மரத்தின் கிளைகள் முடியும் எல்லைக்கு அப்பால் பத்தடி நடந்தால் அருகம்புல்லும், தும்பையும், குப்பைமேனியும், நெருஞ்சியும், மழை பெய்த வாரமாயின் கீழாநெல்லியும் காணக் கிடைக்கும். வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை, மண்ணும் ஒரே மண், பெய்த மழையும் ஒரே மழை. அப்படியிருக்க மரத்தடியில் மட்டும் இந்தச் செடிகள் ஏன் இல்லை? சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, இன்றைய உயிரியல் ஆராய்ச்சியின் மிகக் கடினமான துறை ஒன்றின் வாசலில் நம்மைக் கொண்டு நிறுத்துகிறது.

இந்த மரத்தைப் பற்றி மேடைகளில் சொல்லப்படுவனவற்றில் உண்மையும் உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சி மழையையே தடுத்துவிடும் என்பதற்குத் தக்க நிரூபணம் இல்லை. வேர் ஆழமாக இறங்கும் என்பது மெய்; இதன் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேர் அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்துச் சுரங்கம் ஒன்றில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டதாக 1960-களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆழத்திலுள்ள நீரைக் குடிக்கும் மரம், மேல் மண்ணில் விரலளவு மட்டுமே வேர்விடும் தும்பையைப் பட்டினி போடவேண்டிய அவசியம் என்ன? ஆகையால் நீரை மட்டும் காரணம் காட்டி இவ்விஷயத்தை முடித்துவிட இயலாது.

ஒரு தாவரம் தன்னுடைய உடலில் உற்பத்தியாகும் ரசாயனப் பொருள்களை இலையின் வழியாகவோ வேரின் வழியாகவோ காற்றின் வழியாகவோ வெளியிட்டு, பக்கத்திலுள்ள தாவரங்களின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்ற கருத்து மிகப் பழமையானது; வால்நட் மரத்தின் அருகே வேறு செடிகள் செழிப்பதில்லை என்பதை ரோமாபுரி நாட்களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். இதற்கு அல்லிலோபதி என்ற சாஸ்திரப் பெயரைச் சூட்டியவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் நிறுவிய ஆராய்ச்சிக்கூடத்தில் சில காலம் தங்கிப் பணிபுரிந்தவரான அவர், பழுக்கும் ஆப்பிள் பழங்களிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு அருகிலுள்ள நாற்றுகளின் வளர்ச்சியை மாற்றுவதை ஆராய்ந்து, தம் முதிர்ந்த வயதில், 1937-இல், அந்தப் பெயரோடு ஒரு நூலை வெளியிட்டார்.

கருத்து கவர்ச்சியானதுதான்; ஆனால் அதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குக் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே குன்றுச் சரிவுகளில் வளரும் மணமுள்ள புதர்களைச் சுற்றி, புல்வெளியின் நடுவே, ஓரிரு மீட்டர் அகலத்துக்கு வெற்றுத் தரை வளையம்போல் அமைந்திருக்கும். அந்தப் புதர்களின் இலையிலிருந்து எழும் கற்பூரம் முதலிய ஆவிகள் மண்ணில் படிந்து புல் விதைகளை முளைக்கவொட்டாமல் செய்கின்றன என்று 1964-இல் சி. எச். முல்லரும் அவருடைய சகாக்களும் 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். பாடப்புத்தகங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. ஆறாண்டுகள் கழித்து, 1970-இல், பார்த்தலோமியூ என்ற ஆராய்ச்சியாளர் அதே வெற்றுத் தரையில் கம்பிவலைக் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். கூண்டுக்குள் புல் முளைத்தது! புதரின் அடியில் ஒளிந்து வாழும் எலிகளும் முயல்களும், பருந்துக்கு அஞ்சித் தங்கள் மறைவிடத்தை விட்டு வெகுதூரம் செல்லாமல், அண்மையிலுள்ள புல்லையும் விதையையும் தின்றுவிடுவதே வெற்று வளையத்துக்குப் பெரும் காரணமென்று தெரிந்தது. ரசாயனத்துக்குப் பங்கே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆயினும், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் இலைச்சாற்றை ஊற்றி விதை முளைக்கவில்லை என்று காட்டிவிட்டால் மட்டும் வெளியில் நிகழ்வதை விளக்கியதாக ஆகாது என்ற பாடத்தை ஆராய்ச்சியுலகம் அன்று கற்றுக்கொண்டது. ஒரகடத்து ஏரிக்கரையிலும் ஆடுகள் மேய்கின்றன. சீமைக் கருவேலத்தின் தழையை அவை பெரும்பாலும் தொடுவதில்லை, காயை மட்டும் விரும்பித் தின்று, நிழலில் படுத்து, அங்குள்ள மற்றச் செடிகளைக் கடித்துவிட்டுப் போகின்றன. ஆகவே, இங்கே மரத்தடி வெறுமையாக இருப்பதற்கு விஷத்தைக் குறை சொல்லுமுன் ஆட்டின் வாயையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

இனி, இந்த மரம் நம் தேசத்துக்கு வந்த வரலாற்றைச் சிறிது பார்க்கலாம். மத்திய அமெரிக்காவையும் தென் அமெரிக்காவின் வடபகுதியையும் கரீபியன் தீவுகளையும் பூர்விகமாகக் கொண்ட இதன் விதைகளை வரவழைக்க வேண்டுமென்று 1876-இல் சென்னை ராஜதானியின் வருவாய்த் துறைக்கு எழுதியவர், வனத்துறை அதிகாரியும் தென்னிந்தியப் பெரணிச் செடிகளையும் மரங்களையும் பற்றி அரிய நூல்களை இயற்றியவருமான பெடோம் துரை. ஜமைக்காத் தீவிலிருந்து பெறப்பட்ட விதைகள் 1877-இல் கடப்பை ஜில்லாவின் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. வறண்ட நிலத்தில் எந்தப் பராமரிப்பும் இல்லாமல் வளர்ந்து விறகு தரும் மரம் அந்நாளில் ஒரு வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுத் தட்டுப்பாட்டைப் போக்குவதற்காக அது தமிழ்நாட்டில் பரப்பப்பட்டது. காயைத் தின்ற ஆடுமாடுகளின் வயிற்றில் ஜீரணமாகாமல் சாணத்தோடு வெளிவரும் விதை, எருவோடு சேர்ந்தே முளைக்கிறதாதலால், பிறகு அதைப் பரப்ப மனிதர் தேவைப்படவில்லை.

இந்த மரத்தைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, 2012-இல் 'பிளாஸ் ஒன்' பத்திரிகையில் வெளியான ஒன்று. டில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இந்தர்ஜித்தும் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேகன் காலவேயும் இன்னும் பலரும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வின் சிறப்பு, அவர்கள் எழுப்பிய கேள்வியிலேயே இருக்கிறது. இந்தியாவில் இந்த மரம் கெடுதல் செய்கிறதா என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. தன் சொந்த நாட்டில் இது எப்படி நடந்துகொள்கிறது என்றும் கேட்டார்கள். அதற்காக வெனிசுவேலாவிலும், இதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க மற்றோர் இனத்தின் தாயகமாகிய பெருவிலும், இரண்டுக்கும் அந்நிய மண்ணாகிய இந்தியாவிலும் ஹவாய்த் தீவிலும் மரத்தடியிலும் வெட்டவெளியிலும் முளைத்திருந்த தாவர இனங்களை எண்ணினார்கள்.

வெனிசுவேலாவில் மரத்தடியில் தாவர வகைகள் வெட்டவெளியிலுள்ளதைவிட மிகுந்திருந்தன. அங்கே அது மற்றச் செடிகளுக்கு நிழல் கொடுத்துத் தாங்கும் செவிலித்தாயாக இருக்கிறது. பெருவில் ஓராண்டு நன்மையும் ஓராண்டு தீமையுமாக, மொத்தத்தில் சமநிலையாக இருந்தது. இந்தியாவிலும் ஹவாயிலுமோ மரத்தடியில் இனங்களின் எண்ணிக்கை எங்கும் கடுமையாகக் குறைந்திருந்தது. மரம் ஒன்று, அதன் சுபாவம் ஒன்று, இலையில் சுரக்கும் ரசாயனமும் ஒன்று. அயலார் மாறியதும் விளைவு நேர்மாறாகிவிட்டது.

இதோடு நில்லாமல், அவர்கள் இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த ஓர் உறவினத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த உறவினம் வேறெதுவுமில்லை, விருத்தாசலம் முதலிய சிவாலயங்களில் தல விருட்சமாக விளங்கும் நம் வன்னி மரமேயாகும். வன்னியின் அடியில் இனங்கள் குறைவது மிகச் சொற்பம். சீமைக் கருவேலத்தின் வேர்மண்ணில் பாஸ்பரசும், கரையும் உப்புகளும், பீனால் வகைப் பொருள்களும் வன்னியின் வேர்மண்ணில் உள்ளதைக் காட்டிலும் அதிகம். இரண்டின் உதிர்ந்த சருகையும் தனித்தனியே மண்ணில் இட்டு நம் நாட்டுச் செடிகளை வளர்த்தபோது, சீமைக் கருவேலச் சருகில் மடிந்தவை மிகப் பல. இலையை ஊறவைத்த நீரை வடமேற்கு இந்தியாவில் சாதாரணமாகப் பயிரிடப்படும் மூன்று பயிர்களின் வேரில் ஊற்றியபோது, சீமைக் கருவேல நீர் வேரின் வளர்ச்சியைக் குன்றச் செய்தது, அல்லது எந்த மாற்றமும் செய்யாதிருந்தது; வன்னி நீரோ வேரை வளர்க்கவே செய்தது. அந்த நீரைப் பகுத்துப் பார்த்ததில், பீனால்களோடு டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலமும் சீமைக் கருவேலத்தில் மிகுந்திருந்தது.

டிரிப்டோஃபேன் விஷமன்று, நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள, நம் உடலுக்கு இன்றியமையாத பொருள் அது. தாவரங்கள் தங்கள் வேரும் தண்டும் எவ்வளவு நீள வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளையும் இதிலிருந்தே தயாரித்துக்கொள்கின்றன. அளவு மிஞ்சினால் இதுவே இளவேரின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை, சீமைக் கருவேல இலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2001-ஆம் ஆண்டளவில் காட்டினார்கள். அவர்களே பின்னர் அந்த இலையில் ஜூலிப்ரோசின் முதலிய ஆல்கலாய்டுகளும் வேரின் வளர்ச்சியைத் தடுப்பதைக் கண்டார்கள். இந்த வகை ஆல்கலாய்டுகள் காயிலும் இருப்பதால், வேறு தீனியின்றி இக்காயையே மாதக்கணக்கில் தின்னும் மாடுகளுக்குத் தாடையை அசைக்கும் நரம்பணுக்கள் சிதைந்து முகம் கோணிப்போகும் வியாதி பிரேஸில் தேசத்தில் விவரமாக ஆராயப்பட்டிருக்கிறது.

தாயகத்தில் செவிலித்தாயாக இருக்கும் மரம் அந்நிய மண்ணில் பகையாவதேன் என்ற கேள்விக்குக் காலவே முன்வைக்கும் விடை, புதிய ஆயுதம் என்ற கருதுகோள். வெனிசுவேலாவின் புல்பூண்டுகள் இந்த மரத்தோடு ஆயிரமாயிரம் தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்து, அதன் ரசாயனத்தைத் தாங்கும் வல்லமையைப் பெற்றுவிட்டன. தாங்கமாட்டாதவை என்றோ அழிந்துபோயின. நம் தும்பைக்கும் நெருஞ்சிக்கும் இந்த மரம் அறிமுகமாகி நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஐரோப்பியர் கொண்டு சென்ற பெரியம்மைக்கு, அதை அதற்கு முன் கண்டறியாத அமெரிக்கப் பழங்குடியினர் இரையானதை நினைத்துக்கொண்டால் இதன் கருத்து விளங்கும். காலவே இதே கொள்கையை 2000-ஆம் ஆண்டிலேயே, ஐரோப்பா ஆசியாப் பகுதிகளிலிருந்து அமெரிக்கா சென்று பரவிய சென்டாரியா என்ற களைச்செடியைக் கொண்டு பரிசோதித்திருந்தார். தண்ணீரைச் சுத்திகரிக்க உதவும் கரித்தூளை மண்ணில் கலந்தால், வேர் கசியும் ரசாயனங்களை அது ஈர்த்துக்கொள்ளும். கரி கலந்தபோது அமெரிக்கப் புற்கள் களையின் பிடியிலிருந்து ஓரளவு மீண்டன, களையின் தாயகத்துப் புற்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் தென்படவில்லை.

இந்தக் கொள்கைக்கும் சோதனைகள் வராமல் இல்லை. கரித்தூள் விஷத்தை மட்டுமல்லாமல் மண்ணின் சத்துகளையும் மாற்றிவிடுகிறது என்று சிலர் ஆட்சேபித்தார்கள். அதே களை வகுப்பைச் சேர்ந்த இன்னொரு செடியின் வேர் கேட்டிகின் என்ற பொருளைக் கசியவிட்டு மற்றச் செடிகளைக் கொல்கிறதென்று 2003-இல் 'சயின்ஸ்' பத்திரிகையில் காலவேயும் இடம்பெற்ற ஒரு குழுவினர் வெளியிட்டுப் பெரும் புகழ்பெற்ற கட்டுரை, மற்றவர்கள் மண்ணில் அந்த அளவு கேட்டிகினைக் காண முடியாமற் போனதன் பின், 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு துறையின் முக்கியக் கட்டுரையே விழுந்தும், துறை விழாமல், இன்னும் கடுமையான பரிசோதனைகளோடு தொடர்ந்து நடக்கிறது என்பதே எனக்கு அதன்மேல் நம்பிக்கையைத் தருகிறது. 2012-ஆம் ஆண்டின் ஆய்வு, மூலக்கூறு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், நான்கு தேசங்களில் மரத்தடிச் செடிகளை எண்ணியதிலிருந்து தொடங்கியதும் அந்தக் கடுமையின் விளைவே.

தாவர சாஸ்திரிகள் 2022-இல் வன்னியும் சீமைக் கருவேலமும் சேர்ந்திருந்த பேரினத்தையே பிரித்து அமைத்து, சீமைக் கருவேலத்தை நெல்டுமா என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார்கள். பழைய ப்ரோசோபிஸ் என்ற பெயர் வன்னிக்கும் அதன் ஓரிரு உறவினங்களுக்கும் மட்டும் உரியதாயிற்று. மரபணுவின் சாட்சியத்தைக் கொண்டு செய்யப்பட்ட இந்தப் பிரிவினையால் நாம் அறிவது, இரண்டு மரங்களும் நெடுங்காலத்துக்கு முன்பே வெவ்வேறு பாதைகளில் சென்றுவிட்டன என்பது.

நம் மாநிலத்தில் விஷயம் நீதிமன்றத்துக்கும் சென்றது. சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டுமென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீவிரமாக உத்தரவிட்டதும், விஞ்ஞான ஆய்வு வேண்டுமென்று கூறி அதற்குச் சென்னையில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டதும் 2017-இல் நடந்தவை. அந்நியத் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. இதில் அவசரப்படுவோரையும் தயங்குவோரையும் நான் ஒருசேர மதிக்கிறேன். ராமநாதபுரத்தில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் இந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று ஜீவிக்கின்றன. அங்குள்ள பறவைச் சரணாலயங்களில் நாரைகளும் கொக்குகளும் இதன்மேலேயே கூடு கட்டுகின்றன. வேடந்தாங்கலில் கடப்ப மரத்திலும் நாட்டுக் கருவேலத்திலும் பறவைகள் கூடு கட்டுவதைப் பார்த்தவர்கள், நல்ல மரம் இருந்தால் பறவை அதையும் ஏற்கும் என்று அறிவார்கள். ஆனால் இருக்கும் மரத்தை இன்று வெட்டிவிட்டு நல்ல மரத்தைப் பத்தாண்டு கழித்துத் தருவதாகச் சொன்னால் பறவை காத்திராது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நடப்பதோ வேறு விதம். ஜேசிபி இயந்திரம் வந்து மனையைச் சுத்தம் செய்கிறது. வேர்க்கட்டை மண்ணிலேயே தங்கிவிட்டால் அடுத்த மழைக்குள் அதிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கிறது. முழுவதும் அகற்றப்பட்ட இடத்திலோ கட்டடமும், அதைச் சுற்றி அந்நிய நாட்டு அலங்காரச் செடிகளும் வருகின்றன. தொழிற்சாலைகள் தங்கள் வளாகத்தில் பசுமைப் பகுதி வளர்க்க வேண்டுமென்ற நிபந்தனை அரசாங்க அனுமதியிலேயே இருக்கிறது. அந்த நிலத்தில் வன்னியும் நாட்டுக் கருவேலமும் வேம்பும் புங்கமும் நடப்பட்டு, அவற்றின் அடியில் தானாக முளைக்கும் புல்பூண்டைச் செதுக்காமல் விட்டுவிட்டால், ஏரிக்கரைகள் இழந்ததில் ஒரு பங்கையாவது மதில்களுக்குள் மீட்க முடியும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த வட்டாரத்தில் கல்லூரிகள் பல இருக்கின்றன. அங்குள்ள தாவரவியல், சுற்றுச்சூழல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு மரக்குச்சிகளைக் கட்டி ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதத்தில், சீமைக் கருவேலத்தின் அடியிலும், நாட்டுக் கருவேலத்தின் அடியிலும், இரண்டுக்கும் வெளியிலும் அந்தச் சட்டத்தை வைத்து, உள்ளே இருக்கும் செடிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் மாணவர்களைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். சில இடங்களில் ஆடு நுழையாதபடி முள்வேலியிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் குறிப்பேட்டுக்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். மனைகள் ஒவ்வொன்றாக வேலியிடப்பட்டு வருவதால், இந்த வேலையை வருகிற மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.